கீமோவுக்குப் பின் வயிற்றுப்போக்கு: எப்போது மாத்திரை, எப்போது மருத்துவமனை?

திரையில்: கையில் ஊசிக்குழாய், சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து.

குரல்: முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளில் ஒன்று இரினோடீகான். இது வயிற்றை இரண்டு விதமாகப் பதம் பார்க்கும். மருந்து ஏறும்போதோ அன்றைக்கேயோ வியர்வை, கண்ணீர், வயிற்றுப் பிடிப்போடு வருவது ஒன்று. அது பெரும்பாலும் அட்ரோபின் ஊசிக்கு அடங்கிவிடும். ஆளைச் சாய்ப்பது, 24 மணி நேரம் கழிந்து வரும் இரண்டாவது. அப்போது நோயாளி வீட்டில் இருப்பார்.

திரையில்: கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்கும் பித்தநீர்.

குரல்: இந்த மருந்து உடலுக்குள் எஸ்என்-38 என்ற வீரியமான பொருளாக மாறுகிறது. கல்லீரல் அதைக் கட்டிப்போட்டுப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்களோ அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. உட்சுவர் புண்ணாகிறது, நீரை உறிஞ்ச முடியாமல் எல்லாம் வெளியேறுகிறது.

இதற்கு லோபரமைடு என்ற, போக்கை நிறுத்தும் மாத்திரை. முதலில் 4 மில்லிகிராம், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மில்லிகிராம், தொடர்ந்து 12 மணி நேரம் போக்கே இல்லாமல் இருக்கும்வரை. மற்ற வயிற்றுப்போக்குக்குச் சொல்வதைவிட இது கூடுதல் அளவு. ஆகவே உங்கள் மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மட்டுமே. 48 மணி நேரத்துக்கு மேல் இப்படித் தொடரக் கூடாது. கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல்.

திரையில்: வெப்பமானி, 100.4 பாரன்ஹீட்.

குரல்: காய்ச்சல் வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. கீமோவுக்குப் பின் இரண்டாவது வாரவாக்கில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே, வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல்: இவை சேர்ந்தால் மருத்துவர் சந்தேகிப்பது டிப்ளைட்டிஸ். பெருங்குடலின் தொடக்கப் பகுதி வீங்கித் தடித்து, கிருமிகள் ரத்தத்தில் கலக்கும் நிலை. குடல் ஓட்டையாகிவிடவும் கூடும். சிடி ஸ்கேன், உடனடி ஆன்டிபயாடிக் ஊசி, குடலுக்கு ஓய்வு, நரம்பு வழித் திரவம் என்று சிகிச்சை போகும். ஓட்டை விழுந்தாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோதான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை.

இந்த நிலையில் லோபரமைடு ஆபத்து. எனிமாவும் வேண்டாம், ஆசனவாய் மாத்திரையும் வேண்டாம். வீட்டில் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு காத்திருப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. ரத்தம் கலந்து போனாலும், சிறுநீர் குறைந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள்.

திரையில்: தாளில் நேரம் குறிக்கும் கை.

குரல்: தொலைபேசியில் 'கொஞ்சம் வயிறு சரியில்லை' என்று கூச்சப்பட்டுச் சொன்னால் எதிர்முனையில் இருக்கும் நர்ஸால் எதையும் கணிக்க முடியாது. ஒரு நாளில் வழக்கத்தைவிட எத்தனை தடவை அதிகம் என்று சொல்லுங்கள். நான்கு முதல் ஆறு என்றால் வயிற்றுப்போக்கின் தீவிரத்தில் இரண்டாம் நிலை. ஏழைத் தொட்டால் மூன்றாம் நிலை, பெரும்பாலும் அட்மிஷன்தான். மலம் சேர வயிற்றில் குடல்வாய்ப் பை பொருத்தியவர்கள் பை நிறையும் அளவைச் சொல்லலாம். வேறு மருந்தாக இம்யூனோதெரபி, அதாவது நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை, எடுப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால் வரும் குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம்.

அடுத்த சுற்று இரினோடீகான், லோபரமைடு இல்லாமலேயே வயிறு 24 மணி நேரமாவது சீராக இருந்த பிறகுதான். அளவையும் மருத்துவர் குறைக்கக்கூடும்.