முழக்க அட்டைகளைத் தூக்கிய கைகள்

நடுவர் அவர்களே, தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைச் சாய்த்தது மூத்தவர்களின் பொறுமைதான் என்றார் எதிரணி அம்மையார். இளைஞர்களின் துணிவுதான் என்கிறேன் நான். 1990-ல் சிறையிலிருந்து நடந்து வந்த 71 வயது மண்டேலாவைச் சான்றாக நிறுத்தினார். அந்த மண்டேலா இருபதுகளில் என்ன செய்தார் என்பதை ஏனோ சொல்லவில்லை.

1912-ல் பிறந்த, கறுப்பின மக்களின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முப்பது ஆண்டுகளாக மனுக் கொடுத்து மனுக் கொடுத்தே களைத்திருந்தது. 1944-ல் லெம்பெடே, சிசுலு, டாம்போ, மண்டேலா ஆகியோர் இளைஞர் அணியைக் கட்டினார்கள். 1949-ல் கட்சித் தலைவர் சூமாவின் வீட்டுக்கே போய், வேலைநிறுத்தத்துக்கும் சட்டமறுப்புக்கும் இசையாவிட்டால் உங்களுக்கு எங்கள் ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் இசையவில்லை. அந்த டிசம்பரிலேயே தலைமை மாறியது! 1952 சட்டமறுப்பில் 8,000 பேருக்கு மேல் கைதானார்கள்.

1964-ல் மண்டேலாவும் சிசுலுவும் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நாடு வாயடைத்துக் கிடந்தது. அந்த மௌனத்தை உடைத்தவர் யார்? 1969-ல் கறுப்பின மாணவர் அமைப்பின் முதல் தலைவரான 22 வயது ஸ்டீவ் பிகோ. அந்த அமைப்பில் ஒடுக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரும் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குள் வந்தார்கள்; டர்பனின் ஸ்ட்ரினி மூட்லி அவரோடு நின்று, பின்னர் ராபன் தீவுச் சிறைக்கும் போனார். நம் 'முதலி'தான் அங்கே மூட்லி ஆனது.

இனி ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோ. கணக்கையும் சமூகப் பாடத்தையும் வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்றது அரசு. ஆசிரியர்கள் பலருக்கே அந்த மொழி சரியாக வராது. 1976 ஜூன் 16 காலை, சீருடைப் பிள்ளைகள் அட்டைகளில் கையால் எழுதிய முழக்கங்களை ஏந்தி, பாடிக்கொண்டு நடந்தார்கள். முன்னே நின்ற சியெட்சி மாஷினினிக்கு 19 வயது. போலீஸ் சுட்டது. குண்டடிபட்ட 12 வயது ஹெக்டர் பீட்டர்சனை ஓர் இளைஞன் இரு கைகளில் ஏந்தி ஓடுகிறான். பக்கத்தில் அக்கா, சீருடையோடு, உள்ளங்கையை விரித்தபடி ஓடுகிறாள். அந்தக் காட்சியின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு என்னால் இந்த மேடையில் நிதானமாகப் பேச முடியவில்லை, நடுவர் அவர்களே.

அடுத்த மாதமே அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் எல்லை தாண்டி விடுதலைப் படையில் சேர்ந்தார்கள். எண்பதுகளில் கறுப்பர் குடியிருப்புகளை ஆள முடியாமல் அரசு திணறியது. பேச்சுவார்த்தை மேசையில் மூத்தவர்கள் அமர்ந்தார்கள், மறுக்கவில்லை. அந்த மேசைக்கு அரசை இழுத்து வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். ஜூன் 16 இன்று அந்த நாட்டில் பொது விடுமுறை. அதற்குப் பெயர் இளைஞர் நாள்.