ஓபன்பிஎஸ்டி மடிக்கணினியில் வைஃபை இணைப்பு

வணக்கம். திரையில் நீங்கள் காணும் பழைய மடிக்கணினியில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை இப்போதுதான் நிறுவி முடித்தேன். வைஃபை இன்னும் எழவில்லை.

பிணைய அட்டைகளைப் பட்டியலிட இஃப்கான்ஃபிக் என்ற கட்டளையைத் தட்டுகிறேன். லினக்ஸில் பழகியவர்கள் டபிள்யூலேன்0 என்ற பெயரைத் தேடி ஏமாறுவார்கள். இங்கே ஒவ்வோர் அட்டைக்கும் அதை இயக்கும் டிரைவரின் பெயரே சூட்டப்படுகிறது. கம்பி இணைப்புக்கு இஎம்0, வைஃபைக்கு ஐடபிள்யூஎம்0. இரண்டும் இன்டெல் அட்டைகள் என்பது பெயரிலேயே தெரிகிறது. மேன் ஐடபிள்யூஎம் என்று கேட்டால் அதற்குரிய கையேடே திறக்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. இந்த வைஃபை அட்டைக்கு டிரைவர் மட்டும் போதாது, அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும்; உரிம நிபந்தனைகளால் அது நிறுவல் கோப்புகளுடன் வருவதில்லை, எஃப்டபிள்யூ அப்டேட் என்ற கட்டளைதான் அதை இணையத்திலிருந்து இறக்கும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்: சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. முதன்முறை இதில் ஒரு மாலைப்பொழுதே எனக்குப் போயிற்று. லேன் கம்பி இல்லையென்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். பல கைப்பேசிகள் யூஆர்என்டிஸ்0 என்ற பெயரில் தோன்றும். இஃப்கான்ஃபிக் வழியாக அதற்கு, தானாக முகவரி கேட்கும் ‘இனெட் ஆட்டோகான்ஃப்’ கொடுத்து முகவரி பெற்றபின் அந்தக் கட்டளையை ஓட்டினால், கைப்பேசியின் டேட்டாவிலேயே ஃபர்ம்வேர் இறங்கிவிடும்.

மீதி வேலை ஒரே ஒரு கோப்பு. இடிசி அடைவில் ஹோஸ்ட்நேம், ஒரு புள்ளி, ஐடபிள்யூஎம்0 என்ற பெயரில் அதை உருவாக்கி, ‘ஜாயின்’ என்ற சொல்லுக்குப் பின் வைஃபையின் பெயரையும், ‘டபிள்யூபிஏகீ’ என்பதற்குப் பின் கடவுச்சொல்லையும் எழுதுகிறேன். அலுவலக வைஃபைக்கு இதேபோல் இன்னொரு வரி. எது எட்டுகிறதோ அதில் கணினி தானே சேர்ந்துகொள்ளும். கடைசி வரி ‘இனெட் ஆட்டோகான்ஃப்’. கடவுச்சொல் மறைக்கப்படாமல் கிடப்பதால் மற்ற பயனர்கள் படிக்க முடியாதபடி கோப்பின் அனுமதியை 640 ஆக்க மறவாதீர்கள். பிறகு, பிணைய அமைப்புகளைச் செயல்படுத்தும் நெட்ஸ்டார்ட்டை ஓட்டினால் போதும், மறுதொடக்கம் தேவையில்லை.

கம்பியையும் வைஃபையையும் மாற்றிமாற்றிப் பயன்படுத்துவோர், டிரங்க்0 என்ற இடைமுகத்தில் ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாறும் ‘ஃபெயிலோவர்’ முறையில் இரண்டையும் கோத்து, முகவரி கேட்கும் வரியை அதன் கோப்புக்கு மாற்றிவிடலாம். இஎம்0 முதலில் வரவேண்டும். இதோ, இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்குகிறேன். சற்றே தயங்கிவிட்டு, மறுபடி ஓடுகிறது.