காலுக்குக் கீழே என்ன மண்?

(மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் எத்தனை பேர் இங்கே நடந்து வந்தீர்கள்? கை தூக்குங்கள். ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். சரி, உங்களிடம் இன்னொரு கேள்வி. வழியெல்லாம் உங்கள் காலுக்குக் கீழே என்ன மண் இருந்தது? மணலா, களியா? தார் ரோடு என்று சொல்லாதீர்கள். தாருக்கு அடியில் இருப்பதைக் கேட்கிறேன்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பல வருடங்களாகச் சென்னையில் நடக்கிறேன். சென்னையின் கதையை 1639இல் தொடங்குவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் கிடைத்த வருடம் அது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவான்மியூரும் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. அந்த ஊர்களுக்கும் மூத்தது, கடல் கொண்டுவந்து குவித்த மணல். கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு மேடு, அதற்கு மேற்கே ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு என்று கிடக்கிறது இந்த நிலம். மேட்டில் ஊர் அமைந்தது, பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

வண்டியில் போனால் இது தெரியாது. இரண்டடி ஏற்றம், மூன்றடி இறக்கம் எல்லாம் எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை. காலுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் திருவான்மியூர்க் கடற்கரையிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். கோயிலைத் தாண்டிப் போகப்போக நிலம் மெல்லத் தணியும். பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடும். ஏற்கெனவே உப்பங்கழிகளாகக் கிடந்த பள்ளங்களை இணைத்து வெட்டிய கால்வாய் அது. இன்னும் போனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒவ்வொரு மழைக்காலத்திலும், எந்தத் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்கிறோம். அதற்குப் பாதிப் பதில் அந்த ஒரு நடையிலேயே கிடைத்துவிடும்.

மீதிப் பதில் ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. திருவல்லிக்கேணி என்றால் அல்லி பூத்த கேணி. புரசைவாக்கத்தில் புரசு மரம், முல்லைவாயிலில் முல்லைக்கொடி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே நின்று எந்த ஏரியைப் பார்ப்பது? தியாகராய நகரை உருவாக்குவதற்காக 1920களில் தூர்க்கத் தொடங்கிய நெடிய ஏரியைத்தான். ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் கரையில் நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மயிலாப்பூரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கபாலீச்சரத்தைப் பாடும்போது, புன்னை நிற்கும் கானல் என்கிறார். கானல் என்றால் கடற்கரைச் சோலை. புன்னை உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி வளர்கிற மரம். இலை தடிப்பாக, எண்ணெய் பூசியதுபோல் மின்னும். பூ வெள்ளை, நடுவே மஞ்சள் மகரந்தம். அந்தக் கோயிலின் தலமரம் இன்றைக்கும் புன்னைதான். பிராகாரத்தில் நின்று அந்த இலையைப் பார்த்துவிட்டு, அப்படியே கிழக்கே கடல்வரை நடந்து போங்கள். பக்திப் பாடலுக்குள் ஒரு தாவரக் குறிப்பு ஆயிரத்து முந்நூறு வருடமாகக் காத்திருப்பது உங்களுக்கே புரியும்.

அப்புறம் மெரினா. சாலையில் இறங்கி அலையைத் தொட எவ்வளவு தூரம் நடக்கிறோம்! குழந்தைகள் பாதி வழியிலேயே தூக்கச் சொல்லிக் கேட்பார்கள். இந்த அகலம் ஆதியிலிருந்து இருந்ததல்ல. ஒரு காலத்தில் கடல் கோட்டைக்கு மிக அருகில் இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கடந்துதான் ஆளும் சரக்கும் கரைசேர்ந்தன. 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரத்தில் வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரே நாளில் இரண்டு இடங்களிலும் நடந்து பாருங்கள். இங்கே பட்டம் விட இடம் இருக்கிறது. அங்கே கொட்டிய பாறைகள்மேல் அலை மோதுகிறது. நமக்குக் கிடைத்த மணல் அவர்களுடையது. இதைச் சென்னைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கிண்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் தேசியப் பூங்காவான அந்த இடம் மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் அங்கே வாழ்கின்றன. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் நடுமரத்தைத் தேடுவார்கள். அது 1989இல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பது விழுதுகளால் ஆன தோப்பு. அதற்குள் நடக்கும்போது நாம் ஒரே மரத்துக்குள் நடக்கிறோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அடையாற்று முகத்துவாரம். 1977இல் இடிந்த பழைய பாலம் அரைகுறையாக நிற்கும். உடைந்த பாலம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். சேற்றுத்திட்டு வெளியே தெரியும்போது உள்ளான் பறவைகள் இறங்கும். அவை ஓடி ஓடி மூக்கால் குத்துகிற இடத்தை வைத்தே அடியில் புழு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கரணையில் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையைப் பார்க்கலாம். சதுப்பில் மிச்சமிருப்பதில் ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஒரு பகுதியில் பல வருடங்கள் நகரத்தின் குப்பையைக் கொட்டினோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நாற்றத்தோடுதான் அங்கே பறவை பார்த்திருக்கிறேன்.

நான் நடந்த நடைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஓர் இரவு நடை. எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு 1988 முதல் ஆமைகளுக்காக நடக்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏழு கிலோமீட்டர் போல, நள்ளிரவு தாண்டிய மணலில் நடக்கிறார்கள். பொதுமக்களும் சேர்ந்துகொள்ளும் நாட்கள் உண்டு. தேடுவது பங்குனி ஆமையை; ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். பங்குனி ஆமை என்பது மீனவர்கள் வைத்த பெயர். அதைவிடச் சரியான பெயர் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டார்ச் அடிக்கக் கூடாது. முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு கண் பழகும். கடலிலிருந்து மேலே ஏறிய துடுப்புத் தடம், டிராக்டர் டயர் போன அச்சுபோல, மணலில் தெரியும். தடம் முடிகிற இடத்தில் மெல்லிய குச்சியால் மணலைத் தட்டிப் பார்ப்பார்கள். கூடு இருக்கும் இடத்தில் குச்சி சட்டென்று உள்ளே இறங்கும். நூறு முட்டைக்குமேல் இருக்கும். பத்திரமாக எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் அவற்றை வளர்ப்பது மணலின் சூடுதான். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்தச் சூடே தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்.

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமைக்கும் மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். அந்த மாதம் நடந்தவர்கள் கூடுகளைத் தேடும்போதே சடலங்களையும் எண்ணினார்கள். நானும் ஓர் இரவு போயிருந்தேன். பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் அந்தப் பங்குனியில் பெசன்ட் நகரில் குஞ்சுகளை விட்டார்கள். குஞ்சு வெளிச்சம் அதிகமுள்ள திசையைக் கடல் என்று நினைக்கும். நகரத்தின் விளக்குகள் முதுகுப்பக்கம் எரிகின்றன. அதனால் கூடியிருந்தவர்கள் எல்லோரும் செல்போனை அணைத்துவிட்டு, கடலை மறைக்காமல் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்தோம். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சு ஒன்று என் கால்விரல் ஓரமாகப் போனது. ஈர மணலைத் தொட்டதும் ஒரு கணம் நின்றது. அப்புறம் அலை வந்தது.