பூச்சுக்கு அடியில் ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

தோல் மருத்துவராக நான் வாரத்தில் பலமுறை காணும் காட்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் தாயுடன் புறநோயாளிகள் பிரிவுக்குள் வருகிறார். முகத்தில் ஃபவுண்டேஷன் தடிமனாகப் பூசியிருக்கிறது. அந்த நிறம் தாடையோடு நின்றுவிட, கழுத்து தன் சொந்த நிறத்தில் தொடங்குகிறது. துப்பட்டாவின் ஓரத்திலும், காதில் வைத்துப் பேசிய செல்பேசியின் கண்ணாடியிலும் அதே பூச்சு ஒட்டியிருக்கிறது. என்ன தொந்தரவு என்று கேட்டால் தாய்தான் பதில் சொல்கிறார்: "மூஞ்சியெல்லாம் பரு டாக்டர், மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்." பெண் தரையைப் பார்த்தபடி இருக்கிறார். பருவைப் பார்க்க வேண்டுமானால் பூச்சைத் துடைத்தாக வேண்டும். ஈரப் பஞ்சை நீட்டினால் அவர் வாங்கிக்கொள்வதில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் திறந்து கிடக்கும் கதவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

பணியில் சேர்ந்த புதிதில், இப்படி வந்த ஒரு பெண்ணிடம், "முதலில் இந்த மேக்கப்பை நிறுத்தும்மா, பாதி பரு தானாகக் குறைந்துவிடும்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் தலையாட்டினார், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார், அதன்பின் வரவே இல்லை. பருவுக்கான மருந்து பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதையும், அதுவரை தினமும் அந்த முகத்தோடுதான் அவர் கல்லூரிக்குப் பேருந்து ஏற வேண்டும் என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே குடையைப் பிடுங்கிக்கொண்டு மழையில் நடக்கச் சொன்னேன் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சொன்ன கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒப்பனைப் பொருட்களாலேயே உண்டாகும் பருவுக்கு 'ஆக்னே காஸ்மெட்டிகா' என்று பெயரிட்டு, ஆல்பர்ட் கிளிக்மன், ஓட்டோ மில்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள பூச்சு மயிர்க்கால்களின் வாயை அடைக்கிறது. உள்ளே சுரக்கும் கொழுப்பு வெளியேற வழியின்றித் தேங்கி, கன்னத்திலும் முகவாயிலும் சிறுசிறு குருணைகளாகப் புடைக்கிறது. அதை மறைக்க இன்னொரு அடுக்கு பூசுகிறார்கள். அது இன்னும் அடைக்கிறது. இரவில் அதை நீக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. பரு வரும் இயல்புள்ள தோலுக்கு அந்த எண்ணெயே அடைப்பாகிவிடும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பருவுக்குச் சிகிச்சை பெற்றுவந்த பெண்களுக்கு, துளைகளை அடைக்காத பொருட்களைக் கொண்டு முறையாக ஒப்பனை செய்யக் கற்றுக்கொடுத்த ஜப்பானிய மருத்துவர்கள், பரு கூடவில்லை என்றும், அந்தப் பெண்களின் அன்றாட வாழ்க்கை நிம்மதி அடைந்தது என்றும் 2005இல் பதிவு செய்தார்கள். ஆகவே, பூசலாமா கூடாதா என்று கேட்பதைவிட, எதைப் பூசுகிறோம், இரவில் எப்படிக் கழுவுகிறோம், உள்ளே இருப்பதற்கு மருந்து நடக்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது என்று இப்போது நினைக்கிறேன்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஃபவுண்டேஷனுக்கு அடியில் பல சமயம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு சிறு டியூப் ஒளிந்திருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த அந்தக் கிரீமைத் தோழியோ அக்காவோ சொல்லி, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கியிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பருவும் அடங்கும். பிறகு தோல் மெலிந்து, கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். மேலுதட்டிலும் முகவாயிலும் ரோமம் முளைக்கும். ஒருநாள் பூசாவிட்டால் முகம் எரிந்து சிவக்கும். எனவே நிறுத்தவும் முடியாது. இந்தச் சிவப்பை மறைக்கத்தான் கனமான பூச்சு. இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு அது நம் நாட்டில் பரவியிருக்கிறது. சிவப்பழகு கிரீம்களில் சேர்க்கப்படும் பாதரசமோ தோலோடு நிற்பதில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கு அத்தகைய கிரீம்களே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மருத்துவரிடம் வரும்போது, பூசிய டியூப் எதுவானாலும், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், அதைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.

பூச்சுக்கு அடியில் நோயின் அடையாளமும் மறைந்துபோகலாம். பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால், அழுக்கு என்று நாரைப் போட்டுத் தேய்க்கிறார்கள். போகாவிட்டால் முகத்துக்குப் பூசுவதையே கழுத்துக்கும் இறக்குகிறார்கள். அது அழுக்கல்ல, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தாடையோரம் ஆழமான பருக்கள், கூடவே ரோம வளர்ச்சி, தள்ளிப்போகும் மாதவிலக்கு ஆகியவை சேர்ந்து வந்தால், சினைப்பையில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்காமல் முகத்துக்கு மட்டும் மருந்து எழுதுவதில் பொருளில்லை. கன்னத்தில் வெளிறிய தேமல் ஒன்று மாதக்கணக்கில் மறையாமல் இருந்தால் தொழுநோயா என்றும் பார்த்துவிட வேண்டும். உடலின் மற்ற இடங்களில் அத்தகைய தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முகத்தில் அது தெளிவாகத் தெரியாமலும் போகும் என்பதால், கழுத்திலும் முழங்கையிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போம். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். கன்சீலரால் மறைத்துவைத்த ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு நட்டம்.

பூச்சே மருந்தாகும் இடமும் ஒன்று உண்டு. மங்கு என்று நாம் சொல்லும் கன்னத்துக் கருந்திட்டு, கர்ப்ப காலத்திலும் வெயிலாலும் கூடும். புற ஊதாக் கதிர் மட்டுமின்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் அதைக் கருக்கச் செய்கிறது. வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுக்காது. தோல் நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்ஸைடுதான் தடுக்கும். எனவே மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனை நானே எழுதிக்கொடுக்கிறேன்.

மறைப்பது வெறும் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு லிடியா ஓ'லியரி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே அவர் முகத்தில் கருஞ்சிவப்பு மச்சம் பரந்திருந்தது. அதை மறைக்கத் தானே கலந்து உருவாக்கிய பூச்சை 1928இல் 'கவர்மார்க்' என்று வெளியிட்டு, 1932இல் காப்புரிமையும் பெற்றார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் 1975 முதல், தழும்பும் வெண்புள்ளியும் உள்ளவர்களுக்கு இத்தகைய மறைப்புப் பூச்சைத் தன்னார்வலர்கள் மூலம் கற்றுக்கொடுத்தது. உதட்டில் வந்த வெண்புள்ளிக்கு மருந்து எளிதில் வேலை செய்யாது. தொழுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அது தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும், சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அப்படி வெண்புள்ளியோடு வரும் பெண்ணிடம், உள்ளது உள்ளபடி வெளியே போ என்று சொல்ல நான் யார்? லிப்ஸ்டிக்குக்கு அடியில் எதைப் போட்டால் சாப்பாட்டு வேளை வரை தாங்கும் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். "முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது?", "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்", "தங்கச்சி முகம் மட்டும் எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். விசேஷ வீட்டில் அத்தை ஒருவர் எல்லோர் முன்னாலும் கன்னத்தைத் தொட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை, பத்து வருடம் கழித்து என் அறையில் அழுதுகொண்டே ஒப்பித்தவர்கள் உண்டு. கண்ணாடி முன் அவர்கள் கழிக்கும் முக்கால் மணி நேரம் அன்றுதான் தொடங்கியது. காலையில் பல் துலக்கிவிட்டு வரும் மகளின் முகத்தைப் பார்த்து, பருவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காப்பியை நீட்டிப் பாருங்கள்.

எங்கள் பிரிவில் இப்போது கைகழுவும் தொட்டியைச் சுற்றி ஒரு திரை போட்டிருக்கிறோம். முகம் கழுவச் சொல்லும்போது அறைக் கதவையும் சாத்திவிடுகிறோம். ஆகவே மேக்கப்போடு வரலாமா என்று தயங்க வேண்டாம். போட்டுக்கொண்டே வாருங்கள், உங்கள் மேக்கப் பையையும் எடுத்து வாருங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம். பரிசோதனை முடிந்தபின் மறுபடி பூசிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்றால், திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் மாட்டியிருக்கிறோம்.

வணக்கம்.