கடன் இருக்கட்டும், கூலி நேரத்துக்கு வரட்டும்

நண்பர்களே, வணக்கம். குறுந்தொழிலுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், உடனே கடன் என்கிறோம். கடன் வேண்டியதுதான். ஆனால் பல பட்டறைகளில் அந்தக் கடன் எங்கே போகிறது? செய்து கொடுத்த வேலைக்குக் கூலி வராத குழியை அடைக்கத்தான் போகிறது.

கோவை கணபதியில் இரண்டு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டு, கம்பெனிகள் தரும் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்தால் ஆள் கூலி, அப்புறம் கரண்ட் பில், ஷெட் வாடகை. வேலை கொடுத்த பம்ப் கம்பெனி பணம் தருவதற்கு முன்பே அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியையும் கட்டியாக வேண்டும். பணம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாதவருக்கு நிர்வாகப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கு போய் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அதனால் டெலிவரி சலானில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவையும் வேலை எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

அப்படியும் ஏன் பணம் வருவதில்லை? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்கிற பயம். அது நியாயமான பயம். அதனால்தான் 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவை நான் பெரிதாக மதிக்கிறேன். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். நாம் யார்மீதும் புகார் கொடுக்க வேண்டாம். மார்ச் மாதம் வந்தால் அவர்கள் ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்.

இதிலும் ஓட்டை உண்டு. ஏப்ரல் பில்லை மார்ச்சில் தீர்த்தாலும் அவர்களுக்கு அந்த வருடக் கணக்கில் செலவு கிடைத்துவிடுகிறது. நாம் பதினொரு மாதம் காத்துக் கிடக்கிறோம்!

சரி, என்ன கேட்பது? ஜிஎஸ்டியில் ஒரு விதி இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது அந்த பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை, வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு சட்டம் 45 என்கிறது, இன்னொன்று 180 வரை விட்டுவைக்கிறது. குறு, சிறு தொழில்களின் பில்லுக்கு அதையும் 45 ஆக்குங்கள் என்று ஜிஎஸ்டி கவுன்சிலிடம் கேட்போம். இன்றைய தீர்மானத்தில் இதை முதலாவதாகச் சேர்க்க வேண்டும்.