காக்கையிடம் கேட்காதீர்கள்

அமர்வின் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட முன்னாள் நிதித்துறைச் செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் இப்போதே பேனாவைத் திறந்து வைத்திருக்கும் மூத்த தணிக்கையாளர் ஐயா அவர்களே (அவர் பேனாவைத் திறந்தால் பேசுகிறவனுக்கு நாக்கு உலர்ந்துவிடும்), வரவேற்புரை ஆற்றிய பேராசிரியர் அம்மா அவர்களே, ஆலோசகத் தொழில் நண்பர்களே, வணக்கம்.

பேராசிரியர் அம்மா என்னை மிகவும் புகழ்ந்துவிட்டார். நான் அவரிடம் படித்தவன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு! அதில் முக்கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அரசுத் திட்டங்களை வெளியிலிருந்து வரும் ஆலோசகர் மதிப்பிடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, வெளியாள் எதற்கு? இரண்டு, எதை வைத்து அளப்பது? மூன்று, அறிக்கை கைக்கு வந்தபின் நிர்வாகம் அதை என்ன செய்ய வேண்டும்?

முதலில், மதிப்பீடு வேறு, தணிக்கை வேறு. பணம் விதிப்படி செலவானதா என்று தணிக்கை கேட்கும். செலவான பணத்தால் யாருக்கு என்ன விளைந்தது என்று மதிப்பீடு கேட்கும். செயல்திறன் தணிக்கை என்ற பெயரில் தணிக்கையாளர்களும் எங்கள் வரப்புக்குள் வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஐயா முறைக்கிறார், மேலே போகிறேன்.

வெளியாள் எதற்கு? திட்டத்தைப் பெற்ற துறையிடமே "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் என்ன சொல்லும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். உலக வங்கி 1970-ல் மதிப்பீட்டுக்கென ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. அதை நிர்வாகத்தின் பிடியிலிருந்து விலக்கித் தனித் துறையாக்க 1973 வரை ஆனது. கடன் கொடுத்த கையே மதிப்பெண்ணும் போட்டால் நம்புவார் யார்?

மெக்சிகோவில் 1997-ல் புரோகிரசா என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் ஒழுங்காக அனுப்பும் ஏழைக் குடும்பத்தில் தாயின் கையில் பணம் கொடுத்தார்கள். மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல்போல் பிரித்து, 320-ல் முதலில் தொடங்கினார்கள். 186-ஐக் காத்திருக்க வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டது அரசு அல்ல. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் என்ற வெளி அமைப்பு. 2000-ல் ஆட்சி கைமாறியது. முந்தைய ஆட்சியின் திட்டம் என்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது பிழைத்தது. பெயரை மட்டும் மாற்றி, நகரங்களுக்கும் விரித்தார்கள். வெளியார் எழுதிய அறிக்கை ஊரறியக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 'ஊரறிய' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. துறையின் பெயர் வேண்டாம். தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றை மதிப்பிட ஒப்பந்தம். பயிற்சி மையத்துக்குப் போனேன். வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். மூன்று வருடத்துக்கு முன் வாங்கியவை. "ஏன் சார், உறையைப் பிரிக்கவே இல்லையே?" என்றேன். மையப் பொறுப்பாளர் முகம் மலர, "பராமரிப்பு அப்படி சார்! ஒரு தூசி பார்க்க முடியுமா?" என்றார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு நாள்கூட ஒருவரும் விடுப்பு எடுக்கவில்லை. அத்தனை கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில். அதுவும் பராமரிப்புதான்.

வரைவு அறிக்கையில் "திட்டம் தோல்வி" என்று எழுதினேன். திரும்பி வந்தபோது 'தோல்வி' அடிபட்டு, 'பின்னடைவு' ஆகியிருந்தது. சரி என்றேன். அடுத்த சுற்றில் 'பின்னடைவு' போய் 'சவால்'. அதற்கும் தலையாட்டினேன். மூன்றாவது சுற்றில், "சவால் என்பதற்கு முன் 'சற்றே' சேர்க்கலாமே" என்று ஓரக்குறிப்பு. சற்றே சவால்! கடைசியில் அச்சேறியது என்ன தெரியுமா? "செழுமையான கற்றல் அனுபவம்." கணினியைப் போலவே அறிக்கைக்கும் உறை போட்டாகிவிட்டது!

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இறுதி அறிக்கையைத் துறை ஏற்றுக்கொண்ட பிறகே கடைசித் தவணை. யாரை மதிப்பிடுகிறேனோ அவர் ஏற்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளியையும் அவரே திறப்பார். பெயர் மட்டும் சுதந்திர ஆலோசகர். அன்று நானும் அந்தக் குஞ்சைப் பொன் குஞ்சு என்று எழுதிக் கொடுத்த இரவல் காக்கைதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்.

தணிக்கையாளர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. பல நாடுகளின் உச்ச தணிக்கை நிறுவனங்கள் 1977-ல் பெரு நாட்டின் லிமாவில் கூடி ஒரு பிரகடனம் செய்தன. தணிக்கை அமைப்பு, தான் தணிக்கை செய்யும் துறையைச் சார்ந்திருக்கக் கூடாது. கண்டதை நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் சொல்ல வேண்டும். ஒப்பந்த ஆலோசகனுக்கு அப்படி எந்தக் கவசமும் இல்லை. அவன் அறிக்கை அலமாரிக்குப் போனால் போனதுதான்.

ஆகவே, நான் போகிற மேடையெல்லாம் கேட்பதை இங்கும் கேட்கிறேன். ஆலோசகர் கொடுத்த வரைவு, துறையின் மறுப்பு, இறுதி வடிவம், மூன்றையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், யாருடைய அனுமதியும் இல்லாமல், தானாக வெளிவர வேண்டும். ஆலோசகரின் தவறைத் துறை சுட்டிக்காட்டட்டும். அதற்கு முழு உரிமை உண்டு. நாங்களும் தவறு செய்கிறவர்கள்தான். இரண்டு வாரம் களத்தைச் சுற்றிவிட்டு இருபது வருட அனுபவத்துக்குப் பாடம் எடுக்கிற ஆலோசகர்களும் உண்டு. ஆனால் அந்தச் சண்டை மக்கள் கண்முன் நடக்கட்டும், ஓரக்குறிப்பில் அல்ல.

இரண்டாவது விஷயம், அளவுகோல். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 1991-ல் ஐந்து அளவுகோல் சொன்னது: பொருத்தம், பயனுறு தன்மை (இலக்கை எட்டியதா), செயல்திறன் (வீணடிக்காமல் எட்டியதா), தாக்கம், நிலைத்திருத்தல். 2019-ல் இசைவு, அதாவது மற்றத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்று ஆறாவதைச் சேர்த்தார்கள். அலமாரியில் பூட்டிய அறிக்கையை ஆறால் அளந்தால் என்ன, அறுபதால் அளந்தால் என்ன?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம், அவர் அழைத்தால். வாசல் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறேன், நான்கே வரி. படித்துப் பிடித்தால் கையெழுத்திடுங்கள். யாரும் 'சற்றே' மட்டும் சேர்க்க வேண்டாம்.