பள்ளிச் செவிலியர் பணி: பரிசோதனைச் சீட்டோடு முடிவதில்லை

(டர்பன், சேட்ஸ்வொர்த்தில் பெற்றோர், பள்ளி நிர்வாகக் குழுவினர், செவிலியர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் ஒருங்கிணைந்த பள்ளிச் சுகாதாரக் கொள்கை 2012இல் வந்தது. சுகாதாரத் துறையும் அடிப்படைக் கல்வித் துறையும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒரு பிள்ளை கிரேடு 1, 4, 8, 10 ஆகிய கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது கண், காது, பல், எடை, உயரம், காசநோய் அறிகுறி, மனநலம் என்று பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அரசின் குழுக்கள் குவின்டைல் 1, 2 பள்ளிகளுக்கு, அதாவது ஏழ்மை மிகுந்த பள்ளிகளுக்கு, முதலில் போக வேண்டும் என்றும் அது சொல்கிறது. அது நியாயமான ஏற்பாடு. மற்றப் பள்ளிகள் காத்திருக்கின்றன, அல்லது நிர்வாகக் குழுவே சம்பளம் கொடுத்து ஒரு சிஸ்டரை வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொள்ளும் பள்ளிகளுக்குத்தான் இன்று அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, பதிவைச் சரிபார்ப்பது. தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தொழில் செய்யும் சான்று ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டியது. ஆகவே வேலைக்கு எடுத்த அன்று பார்த்தது போதாது, ஒவ்வொரு ஜனவரியிலும் பாருங்கள். நோயைக் கணித்து மருந்து கொடுக்கும் அதிகாரம் எல்லாச் செவிலியருக்கும் தானாக வருவதில்லை. 2005ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதற்குத் தனி அனுமதி கேட்கிறது. அந்த அனுமதி இல்லாத சிஸ்டரிடம் அலமாரி நிறைய மருந்தைக் கொடுத்து, "நீங்களே பார்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் நிர்வாகம் அவரைச் சட்டச் சிக்கலில் தள்ளுகிறது.

இப்போது கண் பரிசோதனைக்கு வருவோம். எளிதாகத் தோன்றுவதால் மிக அதிகமாகப் பிழைபடுவது இதுதான். வரிக்கு வரி எழுத்து சிறிதாகிக்கொண்டே போகும் ஸ்னெல்லன் அட்டையை 6 மீட்டர் தூரத்துக்கென்று செய்திருக்கிறார்கள். வகுப்பறையில் இடமில்லை என்று பிள்ளையை 4 மீட்டரில் நிறுத்தினால், உண்மையில் 6/12 பார்வை (நல்ல கண் 12 மீட்டரில் வாசிப்பதை 6 மீட்டரில்தான் வாசிக்கும் பார்வை) உள்ள பிள்ளைகூட அதைவிடச் சிறிய 6/9 வரியை வாசித்துவிடும். மங்கலான கண் தேறிய கண்ணாகப் பதிவாகிவிடும். இடம் சிறிது என்றால் 3 மீட்டருக்கென்று அச்சடித்த அட்டையை வாங்குங்கள். தூரத்தை நாடாவால் அளந்து தரையில் டேப் ஒட்டுங்கள், அட்டையில் நல்ல வெளிச்சம் விழட்டும். எழுத்து தெரியாத பிள்ளைக்கு, ஆங்கில E எழுத்தைப் பல பக்கமாகத் திருப்பி அச்சடித்த அட்டை போதும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் சரி. ஒரு கண்ணை மூடுவதற்குப் பிள்ளையின் விரலை நம்பாதீர்கள், இடுக்கு வழியாகப் பார்த்துவிடும். கெட்டியான அட்டை வேண்டும், அதுவும் கண்ணை அழுத்தாமல். வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகள் அட்டையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பின்னால் வருகிறவன் மனப்பாடமாகச் சொல்வான். இரண்டு கண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றதன் குறையை அது மறைத்துவிடும். சோம்பல் கண்ணை, அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மங்கிய கண்ணை, சிறு வயதிலேயே பிடித்தால்தான் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், கிரேடு 1இல் பார்ப்பதன் காரணமே அதுதான். ஒரு கண்ணில் 6/12 அல்லது அதைவிட மோசம் என்றால், களைப்பில்லாத வேறொரு காலையில் மறுபடி பாருங்கள். அப்போதும் அதே என்றால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகுதான் பெரும்பாலான பள்ளிகளில் நூல் அறுந்துபோகிறது. பரிந்துரைச் சீட்டு பள்ளிப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது. அம்மா வேலைக்குப் போகிறார், கிளினிக்கில் விடிகாலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், டாக்ஸிக் காசு வேறு. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வருவது ஆயாதான், அவரிடம் யாரும் சொல்வதில்லை. பரிந்துரைப் பதிவேட்டில் பிள்ளை பெயர், கண்டது என்ன, எங்கே அனுப்பினோம், எந்தத் தேதிக்கு என்பதோடு "முடிவு என்ன ஆயிற்று" என்று இன்னொரு பத்தி வேண்டும். நான்கு வாரத்தில் அந்தப் பத்தி காலியாக இருந்தால் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். எத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் போட்டுப் பெருமைப்படுகிறோம். எத்தனை பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள் என்பதே என் கணக்கில் அந்தச் சிஸ்டரின் தரம்.

ஆஸ்துமாவைப் பற்றி நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. கடையில் விற்கும் ஸ்பேஸர், அதாவது ஆஸ்துமா பம்புக்கும் (இன்ஹேலர்) பிள்ளையின் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவை, எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. ஹெதர் ஸார் தலைமையில் கேப் டவுன் மருத்துவர்கள் 500 மி.லி. குளிர்பானப் புட்டியிலிருந்து ஸ்பேஸர் செய்து குழந்தைகளிடம் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். சரியாக மூடி ஒட்டிய புட்டி, கடை ஸ்பேஸருக்குச் சமமாகவே வேலை செய்தது. புட்டியின் அடியில், பம்பின் வாய்ப்பகுதி அளவுக்கு வளைத்த கம்பியைச் சூடாக்கித் துளையிட வேண்டும். கத்தியால் வெட்டினால் துளை பெரிதாகி இடைவெளியில் மருந்து கசிந்துவிடும். பம்பைச் செருகி, சுற்றிலும் பசை போட்டு அடைக்கவும். பிள்ளை புட்டியின் வாயை உதடுகளால் இறுகப் பிடித்து மூச்சு விடட்டும். பம்பைக் குலுக்கி ஒரு முறை அடித்து, நான்கிலிருந்து ஆறு மூச்சு. பிறகுதான் அடுத்த முறை. அவசரத்தில் இரண்டு மூன்று முறை ஒன்றாக அடித்தால் நுரையீரலுக்குப் போகும் மருந்து குறைந்துபோகும். புட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மூச்சிரைப்பு ஓயவில்லை, பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் பம்பைத் தொடருங்கள்.

காய்ச்சல் மருந்தில் வயதை வைத்து ஊகிக்காதீர்கள், எடை பாருங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. 24 கிலோ பிள்ளைக்கு 360 மி.கி., 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் 15 மி.லி. அதற்கு முன் வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். காலை ஆறு மணிக்கு அம்மா கொடுத்திருந்தால் எட்டு மணிக்குப் பள்ளியில் கொடுக்கக் கூடாது, குறைந்தது நான்கு மணி நேரம் போக வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ரகசியம். பிள்ளையின் பதிவேடு ஆசிரியர் அறை மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. 12 வயது நிறைந்து, விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 129ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோருக்கு இது கசக்கலாம், ஆனால் சட்டம் அதுதான். அதே சட்டத்தின் 110ஆம் பிரிவு வேறொரு கடமையை வைக்கிறது. அடிக்கப்பட்டதோ பாலியல் வன்முறையோ நடந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் செவிலியரும் ஆசிரியரும் படிவம் 22 நிரப்பி, சமூக வளர்ச்சித் துறையிடமோ, அங்கீகரிக்கப்பட்ட சிறார் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல்துறையிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப மானம் போகும், ஊர் பேசும் என்று நம் பெரியவர்கள் தடுத்தாலும் நிறுத்தக் கூடாது. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதுங்கள். காயத்தின் இடத்தையும் அளவையும் நிறத்தையும் உடல் வரைபடத்தில் குறியுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்க வேண்டாம், அது விசாரிப்பவர்களின் வேலை. வெற்றுப் படிவங்கள் சிஸ்டரின் அறையில், கை எட்டும் இழுப்பறையில் இப்போதே இருக்கட்டும்.